ட்ராக் டேயும் பைக் பிரேக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலையில் நன்றாகப் பிடிக்கும் பிரேக், ட்ராக்கில் நாலு சுற்றுக்குள் ஏன் காலை வாருகிறது?

ட்ராக் டே என்றால் பந்தயப் பாதையில் (ட்ராக்கில்) சொந்த பைக்கை செஷன் செஷனாக ஓட்டும் நாள். அங்கே பிரேக் ஏமாற்றுவதற்குச் சூடுதான் காரணம். பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து 260 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக் உள்வாங்க வேண்டிய ஆற்றல் சுமார் 36 கிலோஜூல். ட்ராக்கின் நீண்ட நேர்ப்பாதை முடிவில் 240-லிருந்து 100-க்கு இறக்கினால் அது 477 கிலோஜூல், அதாவது 13 மடங்கு. காற்றும் இன்ஜின் பிரேக்கிங்கும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி முழுக்க முன் டிஸ்க்குகளுக்குத்தான் போகிறது. இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தாலே ஏறக்குறைய மூன்று கிலோ எஃகுதான். 477 கிலோஜூலும் மொத்தமாக அதில் இறங்கினால், ஒரே பிரேக்கிங்கில் வெப்பநிலை 300 டிகிரிக்கு மேல் ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 20 நிமிட செஷன் முழுக்க இதே கதை.

ஆகவே ட்ராக்குக்காக பிரேக்கை மேம்படுத்துவது என்றால் அதிகப் பிடிப்பைத் தேடுவது அல்ல. நல்ல நிலையில் உள்ள கம்பெனி பிரேக்கே பின்சக்கரத்தைத் தூக்கப் போதுமானது. முதல் சுற்றில் லீவர் எந்த இடத்தில் பிடித்ததோ, கடைசிச் சுற்றிலும் அதே இடத்தில் பிடிக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

எதை முதலில் மாற்ற வேண்டும்?

பிரேக் ஆயில், பேட் (டிஸ்க்கில் உரசிப் பிடிக்கும் கட்டை), ஹோஸ் (ஆயில் போகும் குழாய்), இதே வரிசையில். கூடவே காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். மாஸ்டர் சிலிண்டர் (லீவரை இழுத்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்), காலிப்பர், பெரிய டிஸ்க் எல்லாம் அதற்கப்புறம்தான். பலருக்கு அவை தேவையே வராது. பழைய ஆயிலை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த காலிப்பர் மாட்டினாலும் ஆயில் அதே வெப்பநிலையில்தான் கொதிக்கும்.

டாட் 4 போதுமா, ரேஸ் ஆயில் வேண்டுமா?

பாட்டிலில் இரண்டு எண்களைப் பாருங்கள்: புதிய ஆயிலின் கொதிநிலை, ஈரம் சேர்ந்த ஆயிலின் கொதிநிலை. டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்சம் 230-உம் 155-உம் டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். டாட் 5.1-க்கு 260-உம் 180-உம். ரேஸுக்கென்று விற்கும் கிளைக்கால் ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டும்.

இரண்டாவது எண் ஏன் முக்கியம்? இந்த ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. எடையில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அளப்பதைத்தான் ஈரக் கொதிநிலை என்கிறார்கள். இரண்டு வருடம் மாற்றாத டாட் 4-ஐ வைத்துக்கொண்டு ட்ராக்கில் இறங்கினால், உங்களிடம் இருப்பது 230 டிகிரி ஆயில் அல்ல, 155-ஐ நெருங்கிக்கொண்டிருக்கும் ஆயில்.

சீல் பிரித்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பாட்டிலும் அதே கதைதான். சின்ன பாட்டிலாக வாங்கி, மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். ஆரம்பநிலை குரூப்பில், சின்ன பைக்கில் ஓட்டுபவருக்குப் புத்தம்புதிய நல்ல டாட் 4 அல்லது 5.1 போதும். வேகம் கூடக் கூட 300 டிகிரி வகைக்குப் போங்கள். அவற்றில் பல ஈரத்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு ட்ராக் டேவுக்கு முன்பும் பிளீட் செய்துவிடுவது, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றிப் புதுசு நிரப்புவது நல்லது.

டாட் 5 இன்னும் உயர்ந்ததா?

இல்லை, அது வேறு குடும்பம். டாட் 5 சிலிக்கோன் அடிப்படையிலானது. டாட் 4-உடனோ 5.1-உடனோ அதைக் கலக்கவே கூடாது. கொஞ்சம் அமுங்கும் தன்மையும் அதற்கு உண்டு. ஏபிஎஸ் உள்ள பைக்கில் ஊற்ற வேண்டாம். 5-க்கும் 5.1-க்கும் பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்பதால், கடையில் வாங்கும்போது லேபிளை இருமுறை படியுங்கள்.

எந்த பேட் வாங்குவது?

பேடின் முதுகில் ஜிஜி, ஹெச்ஹெச் என்று இரண்டு எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து குறைந்த வெப்பத்தில் உராய்வுக் குணகம், இரண்டாவது அதிக வெப்பத்தில். ஜி என்றால் 0.45-லிருந்து 0.55 வரை, ஹெச் என்றால் 0.55-க்கு மேல். ஆனால் இந்த எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஹெச்ஹெச் போட்ட இரண்டு பேடுகளில் ஒன்று தொட்டதும் கடிக்கும், மற்றது மெதுவாக ஏறும். அந்த ‘கடி’யை எழுத்து சொல்லாது.

ஓட்டிக்கொண்டே ட்ராக்குக்குப் போய், ஓட்டிக்கொண்டே வீடு திரும்புபவருக்கு ‘சாலை-ட்ராக்’ என்று குறிப்பிட்ட சின்டர்டு (உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த) பேட்தான் சரி. முழு ரேஸ் பேடுகளில் சில, சூடேறும் வரை மந்தமாகவே பிடிக்கும். காலையில் முதல் சிக்னலிலேயே அந்தக் குறை தெரிந்துவிடும். கம்பெனி ஆர்கானிக் பேடுடன் ட்ராக்கில் வேகமாகப் போனால், அது மினுமினுவென்று கண்ணாடி போலாகிப் பிடிப்பை இழக்கும். லேசாகத் தேய்த்தால் தற்காலிகமாகச் சரியாகும். அடுத்த செஷனில் திரும்ப வரும்.

தடிமன் விஷயத்தில் சாலைக் கணக்கு இங்கே செல்லாது. சாலையில் 1 மி.மீ. வரை ஓட்டலாம் என்று கையேடு சொல்லலாம். ட்ராக்கில் 3 மி.மீ.க்குக் கீழே போனதும் மாற்றிவிடுங்கள். தேய்மானத்தைவிட இங்கே சூடுதான் பிரச்சினை. டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் ஒரே சுவர் அந்த பேட். சுவர் மெலிந்தால் சூடு நேரே ஆயிலுக்குப் போகும். முந்தைய ட்ராக் டேயில் சரியாக இருந்த பிரேக் இந்த முறை கொதிக்கிறது, ஆயிலும் புதுசு என்றால் முதலில் பேட் தடிமனை அளந்து பாருங்கள்.

புது பேடை எப்படிப் பழக்குவது?

டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்து, முன்பு வேறு வகை பேட் இருந்திருந்தால் ஸ்காட்ச்-பிரைட்டால் இலேசாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு காலியான இடத்தில் 60-லிருந்து 20 கி.மீ. வரை மிதமாகப் பத்து முறை, அடுத்து 90-லிருந்து 30 வரை கொஞ்சம் பலமாக ஐந்தாறு முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆற இடைவெளி விடுங்கள். எந்த முறையும் முழுதாக நிறுத்தி லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பிடித்தபடி நின்றால் சூடான பேடின் பொருள் டிஸ்க்கின் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் லீவர் விரலைத் தட்டும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் புது டிஸ்க் வாங்குவது இந்தக் கறையால்தான்.

ஸ்டீல் ஹோஸ் போட்டால் வித்தியாசம் தெரியுமா?

பழைய ரப்பர் ஹோஸ் இருந்தால் நன்றாகவே தெரியும். அழுத்தத்தில் ரப்பர் கொஞ்சம் உப்பும், சூட்டில் இன்னும் அதிகமாக உப்பும். லீவர் நகரும் தூரத்தில் ஒரு பங்கு ஹோஸை உப்ப வைப்பதில் வீணாகிறது. டெஃப்லான் குழாயின் மேல் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் கிட்டத்தட்ட உப்புவதே இல்லை. நிறுத்தும் தூரத்தை அது குறைக்காது. லீவரில் விரல் உணர்வது தெளிவாகும், அவ்வளவுதான். ட்ராக்கில் அதுவே பெரிய விஷயம்.

வாங்கும்போது பாஞ்சோ போல்ட்டின் (ஹோஸ் முனையை இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) புரியைச் சரிபாருங்கள். ஜப்பானிய பைக்குகளில் பெரும்பாலும் எம்10×1.25, பிரெம்போ பாகங்களில் எம்10×1.0. இரண்டும் ஒரே தடிமன் என்பதால் தவறான போல்ட்டும் ஓரிரு சுற்று உள்ளே போகும். அதற்கு மேல் இறுக்கினால் காலிப்பரின் அலுமினியப் புரியே போய்விடும். விரலாலேயே முழுதும் ஏறாத போல்ட்டுக்கு ஸ்பேனர் வைக்காதீர்கள். நசுங்கும் வாஷர்கள் ஒற்றை ஹோஸுக்கு இரண்டு, ஒரே போல்ட்டில் இரண்டு ஹோஸ் என்றால் மூன்று. ஒவ்வொரு முறையும் புதுசு போட வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஃபோர்க்கை முழுக்க நீட்டிப் பார்த்து, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஸ்டீல் பின்னல் ரம்பம் போல, படும் இடத்தையெல்லாம் அறுக்கும்.

பிளீட் செய்தும் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் காற்று மேல் முனையில், மாஸ்டர் சிலிண்டரின் பாஞ்சோ போல்ட்டில் தங்கியிருக்கும். குமிழி மேலே ஏறும் குணமுடையது. நீங்களோ கீழே காலிப்பர் வழியாக அதை இழுக்கப் பார்க்கிறீர்கள்.

முறையாகச் செய்வது இப்படி. டேங்க் மீது ஈரத்துணி போர்த்துங்கள். இந்த ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், தண்ணீர் ஊற்றினால் கழுவிப் போகும். காலிப்பரை இறக்கி, பேடை எடுத்து, பிஸ்டன்களைச் சில மி.மீ. மட்டும் வெளியே தள்ளி, சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷுமாகக் கழுவுங்கள். பிஸ்டனின் வெளிச்சுற்றில் பிரேக்குக்கென்றே உள்ள சிவப்பு ரப்பர் கிரீஸை மெல்லிசாகத் தடவி உள்ளே தள்ளுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் சீல் ஊதிப்போகும். கரி பிடித்த பிஸ்டனைக் கழுவாமல் உள்ளே தள்ளுவதும் சீலுக்குக் கேடு.

ஹேண்டில் பக்கம் உள்ள ஆயில் டப்பாவிலிருக்கும் பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். காலிப்பரின் நிப்பிளில், அதாவது ஆயிலை வெளியேற்றும் சிறு திருகில், ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 மி.மீ., சில பிரெம்போ காலிப்பரில் 11), அதன் மேல் தெளிவான டியூப், மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கி இருக்கட்டும். லீவரை அழுத்தி, நிப்பிளைக் கால் சுற்று திறந்து, லீவர் ஹேண்டிலைத் தொட்டதும் மூடி, அதற்கப்புறமே லீவரை விடுங்கள். மூடுவதற்கு முன் விட்டால் காற்று உள்ளே ஏறும். ஆறேழு தடவைக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அடி தெரிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். காலிப்பரில் இரண்டு நிப்பிள் இருந்தால் இரண்டையும் திறக்க வேண்டும். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் காலிப்பரை லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள், ஒட்டியிருக்கும் குமிழி விடுபடும்.

கடைசியாக மேல் முனை. மாஸ்டரில் நிப்பிள் இருந்தால் அதையும் இதே போலத் திறந்து மூடுங்கள். இல்லையென்றால் துணி சுற்றி, லீவரை அழுத்திப் பிடித்து, பாஞ்சோ போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி உடனே இறுக்குங்கள். புஸ்ஸென்று நுரையோடு வரும். இரண்டு மூன்று முறை செய்தால் லீவர் இறுகுவது விரலுக்கே தெரியும். நிப்பிளை 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மேல் இறுக்காதீர்கள், உள்ளே ஓட்டை இருப்பதால் முறிந்துவிடும். முன்பக்கத்துக்கு கால் லிட்டர் ஆயில் தாராளம்.

அப்படியும் கொஞ்சம் மென்மை மிச்சமிருந்தால், லீவரை ஹேண்டிலோடு கட்டி இரவு முழுக்க விடுங்கள். சின்னக் குமிழிகள் மேலே சேர்ந்து, காலையில் அவிழ்த்ததும் டப்பாவுக்குள் போய்விடும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் மட்டும் இந்த வழிகள் எடுபடாது. டயக்னாஸ்டிக் கருவியால் பம்பை இயக்கி, மறுபடி பிளீட் செய்ய வேண்டும்.

செஷன் நடுவில் லீவர் ஹேண்டில் வரை வந்துவிட்டது. ஆயில் கொதித்ததா?

இருக்கலாம். ஆனால் லீவர் நடந்துகொள்ளும் விதத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். சுற்றுக்குச் சுற்று லீவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, பிட்டில் (ட்ராக்கை ஒட்டி பைக்கை நிறுத்தும் இடம்) ஆறிய பிறகு ஓரளவு திரும்பினால் அது கொதிப்பு. அன்றைக்கு மேற்கொண்டு ஓட்டாதீர்கள். ஆயிலை மாற்றிய பிறகே இறங்கலாம்.

லீவர் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் பைக் நிற்கவில்லை என்றால் ஆயிலுக்கு ஒன்றுமில்லை, பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. நின்றபடி லீவரை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது.

நாலாவது வகைதான் ஆளைத் திடுக்கிட வைப்பது. வளைவிலிருந்து முழு த்ராட்டிலில் வெளியே வரும்போது ஹேண்டில் படபடவென்று உதறும், அல்லது கர்ப் (ட்ராக் ஓர மேடு) மேல் ஏறி இறங்குவீர்கள். அந்த உதறலில் டிஸ்க் பேடுகளை உள்ளே தள்ளிவிடும். அடுத்த பிரேக்கிங்கில் முதல் இழுப்பில் ஒன்றுமே இருக்காது, இரண்டாவது இழுப்பில் எல்லாம் சரியாக இருக்கும். இதற்கு ஒரே வழி பழக்கம்: உதறல் வந்த ஒவ்வொரு முறையும், நேர்ப்பாதையிலேயே ஒரு விரலால் லீவரை ஓரிரு முறை தட்டி, பேடுகள் திரும்பி வந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். இது கைக்குப் பழகும் வரை மனத்தில் சொல்லிக்கொண்டே ஓட்டலாம், தப்பில்லை.

19 மி.மீ. ரேடியல் மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் பலமாகுமா?

கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. 16 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 201 சதுர மி.மீ., 19-இன் பரப்பு 284. மற்றதெல்லாம் ஒன்றென்றால் அதே அழுத்தம் கிடைக்க 41 சதவீதம் அதிக விசை வேண்டும். அதற்குப் பதிலாக லீவர் பயணம் குறையும், பிடி இறுக்கமாகத் தெரியும். அந்த இறுக்கத்தைப் பலம் என்று எடுத்துக்கொள்வதுதான் குழப்பம்.

இரண்டாவது எண்ணையும் பாருங்கள். 19×18, 19×20 என்பதில் பின்னால் வருவது லீவரின் அச்சுக்கும் பிஸ்டனைத் தள்ளும் புள்ளிக்கும் உள்ள தூரம். 18 என்றால் நெம்பு அதிகம், பயணம் கொஞ்சம் நீளம், அளந்து பிடிக்க வசதி. 20 என்றால் இன்னும் இறுக்கம். ட்ராக் டே ஓட்டுபவர் பெரும்பாலோருக்கு 18 பக்கமே நல்லது. வாங்குவதற்கு முன், இப்போது இருக்கும் மாஸ்டரின் உடலில் பொறித்த அளவைப் பாருங்கள். 11/16 என்று இருந்தால் அது அங்குலக் கணக்கு, அதாவது 17.46 மி.மீ. ஒற்றை டிஸ்க் உள்ள சின்ன பைக்கில் 19 மாட்டினால் லீவர் மரக்கட்டைபோல் ஆகிவிடும். அங்கே 14 முதல் 16 வரை போதும்.

பெரிய டிஸ்க், ரேஸ் காலிப்பர்?

300 மி.மீ. டிஸ்க்கை 320 ஆக்கினால் அதே அழுத்தத்தில் நிறுத்தும் விசை ஏறக்குறைய 7 சதவீதம்தான் கூடும். சூட்டைத் தாங்க எஃகு கூடுதலாகக் கிடைப்பது உண்மையான லாபம். கூடவே காலிப்பர் பிராக்கெட்டும் மாற வேண்டியிருக்கும். அதற்கு முன், இருக்கும் டிஸ்க்கின் ஓரத்தில் பொறித்த குறைந்தபட்சத் தடிமனை மைக்ரோமீட்டரால் சரிபாருங்கள், மிதக்கும் டிஸ்க் என்றால் பாபின்களில் (டிஸ்க்கை நடுப்பகுதியுடன் இணைக்கும் பொத்தான்கள்) கரி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின் பிரேக்கில் பணம் போடாதீர்கள். நல்ல பேடும் புது ஆயிலும் போதும்.

புது லீவர் மாட்டியதிலிருந்து, சூடேறியதும் முன் பிரேக் தானாகவே பிடிக்கிறது. ஏன்?

ஆபத்தான கோளாறு, உடனே நிறுத்துங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் மிகச் சிறிய ஒரு துளை உண்டு. லீவரை விட்டதும், சூட்டில் விரிந்த ஆயில் அதன் வழியே டப்பாவுக்குத் திரும்பும். லீவரின் கொக்கி பிஸ்டனைச் சற்றே தள்ளியபடி நின்றால் அந்தத் துளை மூடிக்கொள்ளும். ஆயில் விரியும், போக வழியில்லை, பேட் டிஸ்க்கை அழுத்தும், இன்னும் சூடேறும். சில சுற்றில் முன்சக்கரம் பூட்டிவிடும். லீவர் நுனியில் இரண்டு மூன்று மி.மீ. வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். அளவுக்கு மீறி நிரப்பிய டப்பாவும் இதே வேலையைச் செய்யும்.

ஏபிஎஸ்ஸை அணைத்துவிடலாமா?

ஆரம்பத்தில் வேண்டாம். மேடுபள்ளத்தில் பின்சக்கரம் தூக்கும்போது சில பழைய ஏபிஎஸ்கள் பிரேக்கை ஒரு கணம் விடுவித்துவிடும், அப்போது மனசு பதறும். அந்த இடத்தை முன்னதாகவும் மென்மையாகவும் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ட்ராக் மோட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஃபியூஸைப் பிடுங்குவதைத் தவிருங்கள். பல பைக்குகளில் டிராக்ஷன் கன்ட்ரோலும் அதே சக்கர சென்சார்களை நம்பித்தான் இருக்கிறது.

ட்ராக்கில் பிரேக் பிடிப்பது சாலையிலிருந்து எப்படி வேறு?

தொடக்கமும் முடிவும்தான் வேறு. லீவரை ஒரேயடியாக இழுத்தால், எடை முன்டயருக்கு வருவதற்குள் விசை வந்துவிடும், டயர் வழுக்கும். முதல் கணத்தில் பேட் டிஸ்க்கைத் தொடும் அளவுக்கு அழுத்துங்கள். ஃபோர்க் அமுங்குவது தெரிந்ததும் முழு அழுத்தத்துக்கு ஏறுங்கள். ஃபோர்க் அடி தட்டினால் அது பிரேக்கின் குறையல்ல. உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது.

விடுவதில் இன்னும் பொறுமை வேண்டும். வளைவுக்குள் சாயச் சாய லீவரை விரல் விரலாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். சட்டென்று விட்டால் முன்பக்கம் எழும்பி, பைக் வெளிப்பக்கமாக ஓடும்.

முதல் செஷனில் வளைவுக்கு முன் உள்ள 200 மீட்டர் பலகையில் பிடியுங்கள், தேவைக்கு முன்பாகவே இருக்கும். மூன்று சுற்று ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிடிக்க முடிந்த பிறகே பத்து மீட்டர் தள்ளிப் போங்கள். முன்னால் போகிறவரைப் பார்த்துப் பிடிக்காதீர்கள், அவருடைய பேடும் டயரும் வேறு. வளைவைத் தவறவிட்டது உறுதியானால் பைக்கை நேராக்கி, தார் இருக்கும் வரை பலமாகப் பிடியுங்கள். சரளையில் இறங்கும்போது முன் லீவரை விட்டுவிட வேண்டும்.

காலையில் இறங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கையேட்டில் சொன்ன டார்க்கில் காலிப்பர் போல்ட்டுகள் இருக்கின்றனவா, பேட் பின்னும் அதன் பூட்டும் சரியாக உள்ளனவா, பாஞ்சோக்களில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் ஆக்ஸிலை இறுக்கி, ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி எழுப்பிய பிறகே கீழே ஆக்ஸிலைக் கவ்வும் பிஞ்ச் போல்ட்டுகளை இறுக்குங்கள். மாற்றிச் செய்தால் ஃபோர்க் கால்கள் கோணலாக நின்று டிஸ்க் ஒரு பக்கம் உரசும். இதைவிட முக்கியம்: பேடையோ சக்கரத்தையோ தொட்டிருந்தால், பைக்கை நகர்த்தும் முன் லீவரைப் பலமுறை பம்ப் செய்யுங்கள். பிஸ்டன்கள் உள்ளே போயிருக்கும், முதல் இழுப்பில் பிரேக்கே இருக்காது. பிட் லேன் முடிவில் நேராகச் சுவரில் போய் மோதுவது இப்படித்தான் நடக்கிறது.

கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளுக்கு டேப் ஒட்டுங்கள். கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் கேட்கும் ட்ராக்குகள் உண்டு, கிளைக்கால் தரையில் சிந்தினால் பின்னால் வருபவர் விழுவார் என்பதற்காக. டயர் காற்றழுத்தத்தை பிட்டுக்குள் வந்த உடனே, சூடாக இருக்கும்போதே அளந்து, டயர் தயாரிப்பாளர் தரும் சூட்டு அளவுடன் ஒப்பிடுங்கள்.

செஷன் முடிந்ததும்?

செக்கர்டு கொடி பார்த்த பிறகு உள்ள சுற்றை, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள், காற்றே டிஸ்க்கை ஆற்றிவிடும். பிட்டில் முன் லீவரைப் பிடித்தபடி நிற்காதீர்கள். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றியதும் லீவர் எங்கே பிடிக்கிறது என்று ஒரு முறை பார்த்து, ஹேண்டிலில் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அடுத்த செஷன் முடிந்து வரும்போது லீவர் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால், பிளீட் செய்யாமல் மறுபடி இறங்க வேண்டாம்.